கரீபியன் இளைஞர்களும் எச்.ஐ.வி.யும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். இப்போது இன்னொரு தொடர்பும் வந்துவிட்டது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மருத்துவம் படிக்க கயானாவுக்கும் பார்படாஸுக்கும் போகிறார்கள். போகும் பிள்ளைகளுக்கும், அனுப்பும் பெற்றோருக்கும், பொதுச் சுகாதாரத்தில் அக்கறை உள்ளவர்களுக்கும் கரீபியனின் எச்.ஐ.வி. நிலவரம் பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு என்னால் முடிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன். கூச்சம் வரும் இடங்களிலும் சுற்றி வளைக்கவில்லை.

கரீபியனில் எச்.ஐ.வி. உண்மையிலேயே அவ்வளவு அதிகமா?

அதிகம்தான். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு அடுத்தபடியாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது இந்தப் பகுதிதான். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் தொற்று இருக்கிறது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 2023ஆம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீட்டின்படி சுமார் 3,40,000 பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அந்த ஒரே ஆண்டில் சுமார் 15,000 பேருக்குப் புதிதாகத் தொற்றியது. மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ஹைட்டியில் இருக்கிறார்கள்.

ஆனால் கரீபியனை ஒரே ஊர் மாதிரி நினைத்துவிடக் கூடாது. கியூபாவில் விகிதம் மிகக் குறைவு. ஜமைக்காவிலும் ஹைட்டியிலும் அதிகம். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் மாண்ட்செராட் போன்ற தீவுகளும் உண்டு, ஒரு கோடிக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாடுகளும் உண்டு. ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, கிரியோல், டச்சு என்று மொழியும் தீவுக்குத் தீவு மாறும். ஒரு தீவுக்குப் பொருந்திய திட்டம் பக்கத்துத் தீவில் எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எய்ட்ஸ் ஹைட்டியிலிருந்துதான் பரவியதாமே?

இந்தப் பேச்சு ஒரு நாட்டு மக்களையே தலைமுறைக் கணக்கில் காயப்படுத்தியிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1983இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆபத்துக் குழுக்கள் என்று சிலரைப் பட்டியலிட்டது. ஓரினச் சேர்க்கையாளர்கள், ஹெராயின் ஊசி போடுபவர்கள், ரத்தம் உறையாமை நோய் உள்ளவர்கள் ஆகியோரோடு ஹைட்டியர்களையும் அதில் சேர்த்தார்கள். மற்ற மூன்றும் பழக்கத்தையோ நோயையோ குறித்தன. ஹைட்டியர்களை மட்டும் பிறந்த நாட்டை வைத்துச் சேர்த்தார்கள். 1985இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும் கறை போகவில்லை. ஹைட்டியின் சுற்றுலாத் தொழில் படுத்துவிட்டது. 1990இல் ஹைட்டியர்கள் ரத்ததானம் செய்யவே அமெரிக்காவில் தடை வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் பல்லாயிரம் ஹைட்டியர்கள் திரண்டு நடந்த பிறகுதான் அதை விலக்கிக்கொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் படகேறித் தப்பி வந்த ஹைட்டி அகதிகளில் எச்.ஐ.வி. இருந்த சுமார் 270 பேரை குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். 1993இல் நீதிமன்றம் சொன்ன பிறகே விடுதலை கிடைத்தது.

வைரஸின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் சொல்வது இதுதான்: அது மத்திய ஆப்பிரிக்காவில் தோன்றியது. அதில் ஒரு கிளை 1960களில் ஹைட்டிக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது. இது ஒரு கிருமி பயணித்த வழி. ஹைட்டியர்கள் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. அதே ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில், டாக்டர் ழான் வில்லியம் பாப் 1982இலேயே கெஸ்கியோ என்ற மையத்தைத் தொடங்கினார். எய்ட்ஸுக்கென்றே உலகத்தில் தொடங்கிய முதல் நிறுவனங்களில் அது ஒன்று. பலருக்கு இது தெரிவதில்லை.

விவரம் தெரியாததால்தான் இளைஞர்களுக்குத் தொற்றுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எச்.ஐ.வி. எப்படிப் பரவும், ஆணுறை எதற்கு என்று கேட்டால் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். 2006இலிருந்து கரீபியன் ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து 'லிவ் அப்' என்ற பிரசாரத்தை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நடத்தின. தகவலுக்குக் குறைச்சல் இல்லை. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே, அதுதான் இல்லை. யாருக்கும் தெரியாமல் பரிசோதித்துக்கொள்ளும் இடம். திட்டாமல், அம்மாவிடம் சொல்லாமல், முகம் சுளிக்காமல் பேசும் ஒரு பெரியவர். இந்த இரண்டும் இல்லாத ஊரில் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் பயன் குறைவு. நான் அறிந்தவரை கரீபியனின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சின்னத் தீவில் பரிசோதனைக்குப் போவதில் அப்படி என்ன சிக்கல்?

நம் கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரீபியனில் ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒரு லட்சம், ஐம்பதாயிரம் என்றுதான் இருக்கும். சுகாதார நிலையத்தில் ஒரே வாசல், ஒரே நீண்ட பெஞ்ச். ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்த பாட்டி, தடுப்பூசிக்குக் குழந்தையோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, சீருடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்த பதினேழு வயதுப் பெண் எல்லோரும் அதே பெஞ்சில்தான். உள்ளே இருக்கும் நர்ஸ் அந்தப் பெண்ணின் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் பாடுபவராக இருப்பார். பதிவு எழுதுபவர் சித்தப்பாவின் நண்பராக இருப்பார். எச்.ஐ.வி.க்குத் தனி அறை, தனிக் கிழமை என்று வைத்துவிட்டால் இன்னும் மோசம். அந்தக் கிழமையில் அந்தக் கதவைத் திறந்தாலே ஊருக்குச் செய்தி போய்விடும்.

அந்தப் பெண் என்ன செய்வாள்? எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். தொற்று உறுதியான சிலர் ஒவ்வொரு முறையும் மாத்திரை வாங்க பஸ் ஏறித் தீவின் மறுமுனைக்கோ, படகு பிடித்துப் பக்கத்துத் தீவுக்கோ போவது இதனால்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எல்லா நோய்க்கும் ஒரே கதவு, ஒரே நிறக் கோப்பு, பெயருக்குப் பதில் எண் என்று வைத்தாலே பாதி பயம் போகும். மாலையிலும் சனிக்கிழமையிலும் திறக்கும் இளைஞர் மையங்கள், தெருமுனைக்கு வரும் பரிசோதனை வண்டி, வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டி எல்லாமே இந்தப் பெஞ்சைத் தாண்டிப் போகும் வழிகள்தான். 2008இலிருந்து கரீபியனில் ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியை ஒட்டி ஒரு பரிசோதனை நாள் நடத்தினார்கள். ஸ்கோஷியா வங்கியும் அதில் பங்கு பெற்றது. கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்றால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள் அல்லவா? அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பரிசோதனை எப்படி நடக்கும்? வலிக்குமா?

எறும்பு கடித்த அளவுக்கு. விரல் நுனியைப் பஞ்சால் துடைப்பார்கள், ஒரு சின்னக் குத்து, ஒரு சொட்டு ரத்தம். அதை ஒரு பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டு, மேலே இரண்டு சொட்டுத் திரவம் விடுவார்கள். கருவுற்றிருக்கிறதா என்று பார்க்கும் பட்டை மாதிரியேதான் இருக்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் ஒரு கோடு வந்தால் தொற்று இல்லை. இரண்டு கோடு வந்தால் வேறொரு பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். ஒரே பட்டையை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று முடிவு சொல்லக் கூடாது. அந்த இருபது நிமிடம்தான் நீளம். கூட ஒரு நண்பர் இருந்தால் நல்லது.

உறவு கொண்ட மறுநாளே பரிசோதித்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகக் காலம் பிடிக்கும். ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் புதுவகைப் பரிசோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். விரல் குத்திச் செய்வதற்கு 90 நாள் வரை ஆகலாம். முதலில் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

மேலே படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். இந்த மாதிரி நேரத்தில் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க பெப் என்று ஒரு மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேளுங்கள். வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கும் இதுவே. போலீஸ் புகாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மருந்து காத்திருக்காது. கருத்தடைக்கான அவசர மாத்திரையையும் அதே நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினாறு வயதுப் பிள்ளை பெற்றோர் இல்லாமல் பரிசோதனைக்குப் போகலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். குழப்பமான விஷயமும் இதுதான். ஜமைக்கா, பார்படாஸ், கயானா போன்ற நாடுகளில் உறவுக்குச் சம்மதம் தரும் சட்ட வயது 16. டிரினிடாடில் 18. அங்கே வயது நெருக்கமான பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் பல கரீபியன் நாடுகளில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் மருத்துவச் சேவை பெறும் வயது 18 என்று வைத்திருக்கிறார்கள். அதாவது, பதினாறு வயதுப் பெண் உறவு கொள்வதைச் சட்டம் தடுக்காது. அதற்குப் பிறகு தன் ரத்தத்தைப் பரிசோதிக்க மட்டும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த இரண்டு வருட இடைவெளியில் விழுந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நர்ஸுகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜமைக்காவின் 2004ஆம் ஆண்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படி, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே தெரிவித்தாக வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை ஆணுறை கேட்டு வந்தால் கொடுப்பதா, புகார் செய்வதா என்று அவர்கள் தவிக்கிறார்கள். ஒத்த வயதுக் காதலையும் நாற்பது வயதுக்காரரின் சுரண்டலையும் பிரித்துப் பார்க்கத் தெளிவான வழிகாட்டுதல் இல்லாவிட்டால் நல்ல நர்ஸும் தடுமாறத்தான் செய்வார்.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

உடலமைப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வயதும் பணமும். பள்ளிக் கட்டணம், பஸ் காசு, மொபைல் ரீசார்ஜ் என்று தொடங்கித் தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம் மாட்டிக்கொள்ளும் பெண் பிள்ளைகள் உண்டு. 'சுகர் டாடி' என்ற சொல் அங்கே எல்லோருக்கும் தெரியும். தினமும் இலவசமாக ஏற்றிப்போகும் ரூட் டாக்ஸிக்காரரில் தொடங்கும் கதைகளும் உண்டு. அப்படிப்பட்ட உறவில் 'ஆணுறை போடு' என்று சொல்லும் அதிகாரம் அவள் கையில் இல்லை. அவருக்கு முன்பு எத்தனை பேரோடு உறவு இருந்ததோ, அந்த ஆபத்து முழுவதும் இவள் மேல் வந்து விழுகிறது.

1990களின் கடைசியில் ஒன்பது கரீபியன் நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உறவு அனுபவம் இருந்த பெண் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், தங்கள் முதல் உறவு முழுக்கவோ ஓரளவோ கட்டாயத்தால் நடந்தது என்று எழுதியிருந்தார்கள். பையன்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் அப்படியே சொன்னார்கள். 'கட்டுப்பாடாக இருங்கள்' என்ற அறிவுரை இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யும்? அவர்களைக் கேட்டா நடந்தது?

ஜமைக்காவில் ஈவ் ஃபார் லைஃப் என்ற அமைப்பு எச்.ஐ.வி. உள்ள இளம்பெண்களுக்குத் துணையாக நிற்கிறது. பெண் பிள்ளைகள் பக்கம் போகாதே என்று ஆண்களுக்கே நேராகச் சொல்லும் 'நா கோ டே' பிரசாரத்தை அவர்கள் ஜமைக்கப் பேச்சுமொழியிலேயே நடத்தினார்கள். கருவுற்றுப் பள்ளியை விட்ட பிள்ளைகளைத் திரும்பப் படிக்க வைக்கும் ஜமைக்கா மகளிர் மையம் 1978இலிருந்து இயங்குகிறது. படிப்பு தொடர்ந்தால் வருமானம் வரும், வருமானம் வந்தால் வேண்டாம் என்று சொல்ல முடியும். இதை நான் எச்.ஐ.வி. தடுப்பாகவே பார்க்கிறேன்.

இந்திய வம்சாவளியினரிடையே நிலைமை எப்படி?

டிரினிடாடிலும் கயானாவிலும் இந்திய வம்சாவளியினர் மிக அதிகம். பெரும்பாலானவர்களின் முன்னோர் போஜ்புரி பேசும் பகுதியிலிருந்து போனவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகளை இன்றும் 'மதராஸி' என்பார்கள். மாரியம்மன், காளி வழிபாடு அவர்களிடம் உயிரோடு இருக்கிறது. உறவுகள் பற்றி வீட்டில் பேசாத பழக்கமும் அப்படியே இருக்கிறது.

டிரினிடாடில் 2017 வரை இந்துத் திருமணச் சட்டப்படி பெண்ணுக்கு 14 வயதிலும், முஸ்லிம் சட்டப்படி 12 வயதிலும் திருமணம் நடத்த முடிந்தது. அந்த ஆண்டுதான் எல்லோருக்கும் 18 என்று திருத்தினார்கள். கல்யாணம் என்ற பெயரில் வயது மூத்தவருக்குக் கட்டிவைத்தாலும் அந்தப் பெண் பிள்ளையின் ஆபத்து குறைவதில்லை. தாலி கட்டியவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்று யார் கேட்பார்கள்?

ஓரினச் சேர்க்கையாளர்களை அங்கே எப்படி நடத்துகிறார்கள்?

ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கி ஆங்கிலேயர் விட்டுப்போன சட்டங்கள் பல தீவுகளில் நூறு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தன. பஹாமாஸ் 1991இல் எடுத்துவிட்டது. பெலீஸில் 2016இல் நீதிமன்றம் நீக்கியது. 2022இல் ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படாஸ், 2024இல் டொமினிகா, 2025இல் செயின்ட் லூசியா. டிரினிடாடில் 2018இல் உயர் நீதிமன்றம் நீக்கியதை 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஜமைக்காவில் 1864ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது.

தன்னைக் குற்றவாளி என்று சொல்லும் நாட்டில் ஒரு இளைஞன் டாக்டரிடம் உண்மையைச் சொல்வானா? எந்த வகை உறவு என்று தெரியாமல் டாக்டர் எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பார், என்ன ஆலோசனை சொல்வார்? பயத்தால் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மறைவாக வாழ்பவர்களும் உண்டு. அப்போது ஆபத்து அவளுக்கும் சேர்த்துத்தான். 1991இல் தொடங்கிய ஜமைக்கா எய்ட்ஸ் சப்போர்ட் இவர்களுக்காகவே முதலில் கதவு திறந்த அமைப்புகளில் ஒன்று. அதன் ஊழியர் ஸ்டீவ் ஹார்வி 2005இல், உலக எய்ட்ஸ் தினத்துக்கு முந்தைய நாள், கொலை செய்யப்பட்டார். அந்த வேலையை இன்றும் அங்கே பிள்ளைகள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கார்னிவல் திருவிழாதான் காரணமா?

இல்லை. டிரினிடாட் கார்னிவலில் குடி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, தூக்கம் இல்லாத இரண்டு நாள் இருக்கிறது. அங்கே ஆணுறை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் கார்னிவல் வருடத்துக்கு ஒருமுறை. வைரஸுக்கு மீதி நாளெல்லாம் வேலை இருக்கிறது. பண்டிகையைப் பழிப்பது சுலபம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரோடு நீளும் உறவுகளைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

ஆணுறை கிடைக்கிறதே, ஏன் போடுவதில்லை?

நம்பிக்கை என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது. டிரினிடாடில் 'ஹார்ன்' என்றால் துணைக்குத் தெரியாமல் வேறொருவரோடு உறவு வைப்பது. மூன்று மாதம் பழகிய பிறகு ஆணுறையை எடுத்தால், 'எனக்கு ஹார்ன் கொடுக்கிறாயா, அல்லது நான் கொடுக்கிறேன் என்கிறாயா?' என்று சண்டை வரும். அதனால் முதல் சில தடவை போடுவார்கள், 'உறுதியான' உறவு என்றதும் விட்டுவிடுவார்கள். இருவரும் சேர்ந்து பரிசோதித்துவிட்டு விட்டால் பரவாயில்லை. அதைத்தான் பலர் செய்வதில்லை.

கைப்பழக்கத்திலும் தவறு நடக்கிறது. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவும் லேடெக்ஸ் ஆணுறையை நிமிடக் கணக்கில் பலவீனப்படுத்திவிடும். கரீபியன் வீடுகளிலும் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். தண்ணீர் அல்லது சிலிக்கான் கலந்த வழுவழுப்புக் களிம்புதான் பயன்படுத்த வேண்டும். வெயிலில் நிற்கும் காரிலும், பின்பாக்கெட் பர்ஸிலும் மாதக்கணக்கில் வைத்த ஆணுறையை நம்பாதீர்கள். உறையை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். தட்டையாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். பல்லால் கிழிக்காதீர்கள்.

பிரெப் என்கிறார்களே, அது என்ன?

தொற்று இல்லாதவர், தொற்றாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டால் உறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பை 99 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். பார்படாஸ், பஹாமாஸ் போன்ற நாடுகளில் கொடுக்கிறார்கள். தொடங்கும் முன் பரிசோதனை அவசியம். மேகப்புண் என்ற சிபிலிஸையோ கருவையோ இது தடுக்காது. மாத்திரை டப்பாவை வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இளைஞர்களுக்கு உண்டு. அதனால் ஊசி வடிவத்தை நான் பெரிதாக எதிர்பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கேபோடெக்ராவிர் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிரை 2025இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆப்பிரிக்காவில் இளம்பெண்களிடம் நடந்த சோதனையில் அந்த ஊசி போட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. வருடத்துக்கு இரண்டே தடவை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.

கொசு கடித்தால் பரவுமா? ஒரே தட்டில் சாப்பிட்டால்?

பரவாது. டெங்கு பரப்பும் கொசு எச்.ஐ.வி.யைப் பரப்பாது. கொசுவின் வயிற்றில் அந்த வைரஸ் செத்துவிடும். தட்டு, கழிப்பறை, நீச்சல் குளம், கட்டிப்பிடிப்பது எதிலும் பயம் வேண்டாம்.

தாய்க்கு இருந்தால் குழந்தைக்கும் வந்துவிடுமா?

இந்தக் கேள்விக்குக் கரீபியன் உலகத்துக்கே பதில் சொல்லிக் காட்டியிருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் முதன்முதலில் சான்று தந்தது கியூபாவுக்கு, 2015 ஜூன் 30 அன்று. 2017இல் ஆன்டிகுவா, பெர்முடா உட்பட ஆறு நாடுகளும் தீவுகளும் சேர்ந்தன. 2024இல் ஜமைக்கா, பெலீஸ், செயின்ட் வின்சென்ட். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை, தொற்று இருந்தால் உடனே மருந்து, குழந்தைக்கும் சில வாரம் மருந்து. சூத்திரம் இவ்வளவுதான்.

கியூபா 1986இல் தொற்றுள்ளவர்களைச் சானடோரியம் என்ற தனி மருத்துவ விடுதியில் கட்டாயமாகத் தங்க வைத்ததையும் சொல்லியாக வேண்டும். 1990களில்தான் அதைத் தளர்த்தினார்கள். அந்த வழியை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். 2015இன் வெற்றிக்குக் காரணம் வீட்டுக்கு வீடு போகும் குடும்ப மருத்துவர்கள், பூட்டிய வாசல் அல்ல.

தொற்று உறுதியானால் வாழ்க்கை முடிந்ததா?

முடியவில்லை. தினம் ஒரு மாத்திரை. டோலுடெக்ராவிர் உள்ள கூட்டு மருந்து. சீக்கிரம் தொடங்கியவர்கள் மற்றவர்கள் அளவுக்கே வாழ்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படியே தொடர்ந்தால் உறவு வழியாகத் துணைக்குப் பரவவே பரவாது. பல ஆண்டு ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. தாய்ப்பால் விஷயத்தில் மட்டும் ஆபத்து மிகச் சிறியதாக இருந்தாலும் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அப்போதிருந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததும் விலை சரிந்தது. ஹைட்டியிலும் கயானாவிலும் ஒரு பிள்ளை இன்று விழுங்கும் மாத்திரை இந்தியத் தொழிற்சாலையில் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எச்.ஐ.வி. தவிர வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

மேகப்புண், வெட்டை நோய், கிளமிடியா. கடைசி இரண்டும் பெண்களிடம் அறிகுறியே காட்டாமல் இருந்து கருக்குழாயைக் கெடுத்துவிடும். கருப்பை வாய்ப் புற்றுக்கான எச்.பி.வி. தடுப்பூசியைச் சிறு வயதிலேயே போட்டுவிடுங்கள். ஜமைக்கா 2017இல் பள்ளிச் சிறுமிகளுக்குத் தொடங்கியது.

கரீபியனில் அதிகம் காணப்படும் ஒன்றும் இருக்கிறது, எச்.டி.எல்.வி.-1. எச்.ஐ.வி.க்குத் தூரத்து உறவான வைரஸ். உறவு வழியாகவும் நீண்ட நாள் தாய்ப்பால் வழியாகவும் பரவும். பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. சிலருக்குக் கால்கள் மெல்ல மெல்ல இறுகிச் செயலிழக்கும். அந்தக் கால் நோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பை 1985இல் மார்ட்டினிக் தீவு நோயாளிகளிடம்தான் கண்டார்கள். இதற்கும் ஆணுறையே காவல்.

பள்ளிகளில் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களா?

காகிதத்தில் உண்டு. ஆரோக்கியம் மற்றும் குடும்ப வாழ்க்கைக் கல்வி என்ற பாடத்தை கரிகாம் என்ற கரீபியன் கூட்டமைப்பின் நாடுகள் 1990களிலேயே ஏற்றுக்கொண்டன. நடத்துவது ஆசிரியரின் தைரியத்தைப் பொறுத்தது. பரீட்சை இல்லாத பாடம் என்பதால் அந்தப் பீரியடைக் கணக்கு வாங்கிக்கொள்ளும். நமக்கும் தெரிந்த கதைதான். 2012இல் ஜமைக்காவில் இந்தப் பாடத்திட்டத்தில் பாலுறவு பற்றிய சில கேள்விகள் இருந்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, அமைச்சகமே அதைத் திரும்பப் பெற்றது. சர்ச்சுகளை எதிரிகளாக மட்டும் பார்ப்பதும் தவறு. நோயாளிகளை யாரும் தொடாத காலத்தில் கஞ்சி ஊட்டியவர்களில் கன்னியாஸ்திரிகள் உண்டு. பிரசங்க மேடையிலிருந்து 'பரிசோதனைக்குப் போங்கள்' என்று ஒரு பாஸ்டர் சொன்னால் பத்து சுவரொட்டிக்குச் சமம்.

இப்போது நிலைமை முன்னேறுகிறதா?

மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் பணம் ஆட்டம் காண்கிறது. 2003இல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டத்தின் முதல் நாடுகளில் ஹைட்டியும் கயானாவும் இருந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் முதலில் அடிபட்டவை இளைஞர் மையங்களும் தெருவில் இறங்கி வேலை செய்யும் குழுக்களும்தான். ஹைட்டியில் ஆயுதக் கும்பல்களின் வன்முறையும் சேர்ந்துகொண்டது. மாத்திரை இருந்தும் மருத்துவமனைக்குப் போக வழி இல்லாத நாட்கள் அங்கே உண்டு.

என் மகள் அங்கே படிக்கப் போகிறாள். என்ன சொல்லி அனுப்புவது?

பயமுறுத்தி அனுப்பாதீர்கள். எது நடந்தாலும் உங்களிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். எச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். கல்லூரி இருக்கும் ஊரில் பரிசோதனை எங்கே, பெப் எந்த மருத்துவமனையில் என்று போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே விசாரித்து போனில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகனை அனுப்பினாலும் இதே பேச்சைப் பேசுங்கள். ஆணுறை வாங்கித் தருவது தவறான காரியத்துக்கு அனுமதி தருவதாகாது.

நண்பன் தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லிவிட்டான். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் நெருங்கிய தோழியிடம்கூட வேண்டாம். சின்னத் தீவில் ஒருவரிடம் சொன்னால் ஊரிடம் சொன்னதுதான். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கிவிட்டானா என்று கேளுங்கள். இல்லை என்றால் கூடப் போய் அந்தப் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரில் யாருக்கு என்று தெரியாது.